மோவாயிலிருந்து உச்சிவரை

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
ரெஜைனாவில் படமெடுக்க யார் வந்தாலும் முதலில்
இருமல் மருந்து அடுக்கின் பக்கம் நிறுத்திவைப்பேன்,
பத்து நிமிடம்.
மூக்கின் சிவப்பு வடிய வேண்டும்,
குல்லாய் அமுக்கிய மயிர் எழும்ப வேண்டும்,
கன்னம் கன்னமாகத் திரும்பி வர வேண்டும்.
அப்புறம்தான் வெள்ளைத் திரை.

லெத்தெபிரகான் நிற்கவில்லை.
நேரே வந்து உறையை கவுண்டரில் வைத்தாள்.
மூன்றாம் முறை.

முதல் படம் வேறு கடையில் எடுத்தது:
இடது காதுக்குப் பின்னால் ஒரு நிழல்,
எறும்பளவு.
இரண்டாவது என் தப்பு.
மோவாயிலிருந்து உச்சிவரை
முப்பத்தொரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது,
முப்பத்தாறைத் தாண்டக் கூடாது.
அவள் கொண்டையை உச்சியோடு சேர்த்து அளந்தேனா
விட்டுவிட்டு அளந்தேனா, இப்போது ஞாபகமில்லை.
புது ஸ்கேல் வாங்கினேன்.
பழையதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

மூன்றாவது கடிதம்:
முகபாவம் நடுநிலையில் இல்லை,
விண்ணப்பதாரர் சிரிக்கக் கூடாது.

விண்ணப்பதாரர் சிரிக்கவில்லை.
ஒன்பது வயதில், கஸ்ஸலா போகிற லாரியில்,
பின்கதவுக் கொக்கி கிழித்த உதடு.
தைத்தவருக்கு என்ன அவசரமோ,
இடது ஓரம் ஒரு நெல்மணி அளவு மேலேறி
அங்கேயே குடியிருந்துவிட்டது.

"அண்ணன் சாவிலும் இதே வாய்தான்.
சித்தப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை"
மாத்திரை எண்ணுகிற குரலில் சொன்னாள்.

ஏதாவது துக்கமானதை நினைத்துக்கொள் என்றேன்,
புத்தி கெட்டு.
"நினைத்தால் இன்னும் ஏறும்."

பதினோரு படம்.
ஒன்றில் கண் மூடியிருக்கிறது.
ஒன்றில், மருந்தாளர் பிரிகோட்கோ
உள்ளேயிருந்து கூரை அதிரத் தும்ம,
அவள் நிஜமாகவே சிரித்துவிட்டாள்.
அப்போதுதான் தெரிந்தது:
சிரித்தால் வலது பக்கமும் வருகிறது.

இரண்டையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தோம்,
அவள், நான், பிரிகோட்கோ,
ஃப்ளூ ஊசிக்குக் காத்திருந்த பஸ் டிரைவர் ஒருவர்.
"பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே" என்றார் டிரைவர்,
சட்டைக் கையைச் சுருட்டியபடியே.

படத்தின் முதுகில்
கடை முகவரி, எடுத்த தேதி, பேர், பிறந்த நாள்.
அதற்கு மேல் எழுத இடமும் இல்லை, அனுமதியும் இல்லை.
ரசீதுச் சுருளில் ஒரு சாண் கிழித்தேன்.

*இது சிரிப்பு அல்ல. தையல்.
எடுத்தவள், பார்த்தவள்:
ஓரிசியா, புகைப்படப் பிரிவு.*

முத்திரை குத்தினேன்.
அந்த முத்திரையின் அதிகாரம்
ஷாம்பு திருப்பி வாங்கிக்கொள்கிற வரைக்கும்தான்.
பிரிகோட்கோவும் கீழே கிறுக்கினார்.
அவர் கையெழுத்து ஒருவருக்கும் புரியாது,
அதுவே ஒரு பலம்.

பிறகு நானும் மறந்துபோனேன்.
பல்பொடிக்கும் பாத்திரசோப்புக்கும் நடுவே
எத்தனை முகம்.

ஆகஸ்டில் வந்தாள்,
ஒரே ஒரு தாளோடு, மடிக்காமல்,
அட்டை வைத்து.
பேர் இருந்தது. எண் இருந்தது. தேதி இருந்தது.
திருப்பிப் பார்த்தேன்.
ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.
படம் எங்கேயும் இல்லை.

"இல்லை" என்றாள் லெத்தெபிரகான்.
வலது பக்கமும் வந்தது.

இனி பாஸ்போர்ட்டாம். இரண்டு பிரதி.
அதே அளவு, அதே திரை,
அதே மோவாய், அதே உச்சி.
முக்காலியை இழுத்துப் போட்டேன்.
வெளியே முப்பத்தொன்று, மைனஸ் இல்லை,
முகத்தில் உருக ஒன்றுமில்லை.
ஆனாலும் பத்து நிமிடம் ஆகட்டும் என்றேன்.
வலது பக்கம் இறங்க வேண்டும்.